ஒரு வெள்ளிக்கிழமையில் ஐந்து சட்டைகள்

மரத்தடியில் நின்று செல்வராசு மஞ்சள் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். அடுத்துப் போடவேண்டிய அரக்குச் சட்டை என் தோளில் கிடந்தது. புதுச்சட்டை. மடிப்புக்கூடக் கலையவில்லை. கடைக்காரன் காலருக்கு அடியில் செருகிய குண்டூசி என் கழுத்தில் குத்தியது.

சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"அவங்க போவட்டும் பாய். பனியனோட நிக்கிறதப் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"சினிமாக்காரன்னு நெனப்பாங்க. சீக்கிரம் மாட்டுப்பா, இன்னும் ஒரு எடம் பாக்கி இருக்கு."

சிரித்தான். சிரித்துக்கொண்டே குனிந்து, இடது கால் செருப்பின் வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். வார் எட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

போன வாரம் இதே பத்தியில், பஹ்ரைனில் முஹர்ரக் பாலத்தில் டயர் வெடித்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு நாலு பேர் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பு வராது. ஷார்ஜா தொழில்பேட்டையில் இப்போது நான் இருக்கும் ரூமில் உட்கார்ந்து, இதை எழுதாமல் நாலு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் என்மேலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

ஒரு காலைக்குள் சுற்றிவிடலாம்

பஹ்ரைனில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் மினி பஸ்ஸைப் பல வருடம் ஓட்டினேன். அது தீவு நாடு. ஒரு தீவு என்று சொன்னாலும் சரியாக வராது. விமானம் இறங்குவது முஹர்ரக்கில். அதுவே தனித் தீவு. அங்கிருந்து பாலம் ஏறினால் தலைநகர் மனாமா. மனாமாவிலிருந்து இன்னொரு பாலம் ஏறினால் சித்ரா. எங்கள் கேம்ப் இருந்தது அங்கே. புதிதாக வருகிறவன் ஏர்போர்ட்டிலிருந்து கேம்ப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை கடலைத் தாண்டிவிடுவான். பாதிப் பேர் தூங்கிக்கொண்டே தாண்டுவார்கள்.

தெற்கே போகப் போக வீடுகள் குறையும். ரிஃபா ஊரைத் தாண்டினால் மணலும் எண்ணெய்க் குழாய்களும்தான். நடுவில் ஜெபல் துகான். புகை மலை என்று அர்த்தம். நாட்டிலேயே உயரமான இடம் அதுதான். "அதோ மலை" என்று நான் காட்டினால் எங்கள் ஆட்கள் "எது?" என்று கேட்பார்கள். நம் பக்கத்தில் அதைக் கரடு என்று சொல்லக்கூட யோசிப்பார்கள்.

அந்த மலைக்குக் கொஞ்ச தூரத்தில்தான் உயிர் மரம். சுற்றி ஒரு புல்கூட இல்லாத மணலில், கிளைகளைத் தரைவரைக்கும் தாழ்த்திக்கொண்டு பல நூறு வருடமாக நிற்கிறது என்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். ராமநாதபுரத்து ஆட்களைக் கூட்டிப்போனால் மட்டும் முகத்தைச் சுளிப்பார்கள். "என்ன பாய் இது, நம்ம வேலிக்கருவை மாதிரி இருக்கு. இதப் பாக்கவா வெள்ளைக்காரன் ஃபிளைட் ஏறி வர்றான்?"

மேற்கே போனால் காஸ்வே. சவுதிக்குப் போகும் கடல் பாலம். பாதிக் கடலில் மண்ணைக் கொட்டி ஒரு தீவு செய்து, அதில் இரண்டு நாட்டு பாஸ்போர்ட் சோதனையையும் வைத்திருக்கிறார்கள். சவுதி விசா இல்லாதவனும் அந்தத் தீவு வரைக்கும் போய், எதிர்ப்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இவ்வளவுதான் நாடு. காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்குள் ஒரு சுற்று வந்துவிடலாம். ஆனால் பத்து வருடம் அங்கே இருந்தும், கேம்ப், சைட் இரண்டைத் தவிர ஒன்றையும் பார்க்காமல் ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை போட்டோ

எங்கள் கேம்ப்பில் ஒரு பழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால், நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு எங்காவது நின்று ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். லீவு கிடைக்காதவன் பழைய படத்தை அனுப்புவான். நல்ல சட்டை இல்லாதவன் கடன் வாங்குவான்.

ஒரு கட்டம்போட்ட சட்டை ரூம் ரூமாகச் சுற்றியது. திட்டக்குடிப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் அதே சட்டையில் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மனைவிமார் இருவரும் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காட்டிப் பேசியிருக்கிறார்கள். அந்த வாரம் இரண்டு பேருக்கும் விழுந்த டோஸைக் கேட்டு கேம்ப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

வண்டி என் கையில் இருந்ததால் போட்டோ பிடிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. எல்லோருக்கும் நான்தான் எடுப்பேன். செல்வராசுக்கு மட்டும் எடுத்ததில்லை. அவன் வெள்ளிக்கிழமையும் ஓவர்டைம் போகிற ஆள்.

செல்வராசு அரியலூர்ப் பக்கம். கம்பி கட்டுகிற வேலை. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். நான் அதிராம்பட்டினத்துக்காரன், முன்கோபி, வாய் சும்மா இருக்காது. அவன் நேர் எதிர். எப்படியோ ஒட்டிக்கொண்டது. என் பக்கத்து சீட் எப்போதும் அவனுக்குத்தான்.

கடைசி லீவில் அவன் மனைவி பரமேசுவரி அவனுக்கு ஐந்து சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். வெள்ளை, நீலக் கட்டம், மஞ்சள், அரக்கு, சாம்பல். அவன் அவற்றைப் பெட்டியில் வைத்தது வைத்ததுதான். போட்டுக்கொண்டு போக ஓர் இடம் இல்லை. "சட்டை புடிக்கலன்னா சொல்லிருங்க" என்று அந்த அம்மா போனில் சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியில் ஏறியதும் சொன்னான்.

"பாய், நாளைக்கு ஓவர்டைம் வேணாம்னுட்டேன். எனக்கு அஞ்சு போட்டோ எடுத்துக் குடுங்க. அஞ்சு எடம், அஞ்சு சட்டை. வாரத்துக்கு ஒண்ணா அனுப்பிக்கிறேன்."

"ஏன், அடுத்த வெள்ளிக்கிழமை நாடு ஓடிப்போயிருமா?"

"நாளைக்கே எடுத்துருவோம் பாய்."

ஜும்மாவுக்கு முன்னும் பின்னும்

குளிர் போய் வெயில் இன்னும் ஏறாத நாட்கள். காலையில் மனாமா கடைத்தெரு வாசலில் வெள்ளைச் சட்டை. பிறகு கடலோரத்துப் பழைய கோட்டையில் நீலக் கட்டம். கோட்டைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "கம்பியே இல்லாம கட்டியிருக்கான், எப்புடி நிக்குது பாருங்க" என்றான்.

ஜும்மா நேரம் வந்தது. வண்டியைப் பள்ளிவாசல் நிழலில் போட்டுவிட்டுத் தொழப் போனேன். திரும்பி வந்தபோது அவன் பின் சீட்டில் கால் இரண்டையும் கண்ணாடிமேல் தூக்கி வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த வண்டியை நான் துடைக்கிற துடைப்புக்கு வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பேன். அவன் முகத்தைப் பார்த்ததும் எழுப்ப மனம் வரவில்லை. பத்து நிமிடம் வெளியே நின்றேன்.

புகை மலைக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். ரோட்டில் நின்று மஞ்சள் சட்டையில் ஒன்று எடுத்தோம். பிறகு மரம், அரக்குச் சட்டை. எல்லாப் படத்திலும் முழு ஆளும் தெரிய வேண்டும் என்பது வீட்டு உத்தரவாம். தலை முதல் கால் வரை விழுகிற மாதிரி எடுத்தேன். சட்டையை மாற்றத் தெரிந்த எங்களுக்குச் செருப்பு ஞாபகமே வரவில்லை.

கடைசியாகக் காஸ்வே. சாயங்கால வெயிலில் பாலம் நீளமாகக் கடலுக்குள் போனது. நடுத்தீவில் இறங்கியதும் அவன் போட்டோவை மறந்தே போனான். பாலத்துத் தூணைப் பார்த்ததும் வேறு ஆளாகிவிட்டான். அதுவரை அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"உள்ள எத்தன சுத்துக் கம்பி போயிருக்கும்னு நெனக்கிறீங்க? உப்புக் காத்துக்குக் கம்பி தெரியவே கூடாது பாய். ஒரு எடத்துல எட்டிப் பாத்துச்சுன்னா முடிஞ்சிது. கட்டுனவன் வேலக்காரன். எந்த ஊர்க்காரனோ!"

நான் அந்த நாட்டின் பெயர்க் கதையைச் சொன்னேன். பஹ்ரைன் என்றால் இரண்டு கடல். அந்தக் காலத்தில் உப்புக் கடலுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஊற்று இருந்ததாம். முத்துக் குளிக்கப் போனவர்கள் தோல்பையோடு முங்கி, கடலுக்குள்ளிருந்தே குடிதண்ணீர் பிடித்து வருவார்களாம்.

"கடலுக்குள்ள நல்ல தண்ணியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பொய் சொல்கிறேன் என்று நினைத்தான்.

"இங்க பாருப்பா, போஸ் குடு" என்று கத்தினேன். அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை. எடுத்த ஒரே படமும் சரியாக வரவில்லை என்று நினைத்தேன். மற்ற நாலையும் அவன் போனுக்கு மாற்றினேன். இது என் போனிலேயே தங்கிவிட்டது.

நாலாவது படம்

அன்றைக்கே வெள்ளைச் சட்டைப் படம் போனது. அடுத்த வெள்ளி நீலக் கட்டம். அதற்கடுத்த புதன்கிழமை சைட்டில் மயங்கி விழுந்தான்.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் உண்மையைச் சொன்னான். கிளினிக்கில் அவனுக்கு முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நாங்கள் ஊர் சுற்றிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள்.

"ஏண்டா வீட்டுல சொல்லல?" ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"புள்ளைக்குப் பன்னெண்டாவது பரீட்சை பாய். முடிய அப்ப அஞ்சு வாரம் இருந்துச்சு. அதுவரைக்கும் அவளுக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா அவ மூஞ்சிய வச்சே புள்ள கண்டுபுடிச்சிரும்."

ஐந்து சட்டை எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பரீட்சை முடியும்வரை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மூச்சு வாங்கியதால் வீட்டோடு போனில் பேச முடியவில்லை. நைட் டூட்டி, நெட் சரியில்லை என்று எழுதி அனுப்பச் சொன்னான். அந்த வெள்ளிக்கிழமை மஞ்சள் சட்டைப் படத்தை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் அனுப்பினேன். பரமேசுவரியின் பதில் குரலாக வந்தது. போனைக் காதோடு ஒட்டிவைத்து இரண்டு முறை கேட்டான்.

தண்ணீரை அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். "கடலுக்குள்ள நல்ல தண்ணி இருக்குன்னீங்களே பாய், அதுல ஒரு மடக்கு" என்று கேட்டான். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

ஐசியூவுக்கு மாற்றியபோது போனை என்னிடம் கொடுத்தான். புள்ளிகளைக் கோடிழுத்துத் திறக்கிற பூட்டு. விரலால் என் உள்ளங்கையில் போட்டுக் காட்டினான். 'ப' என்று எழுத வேண்டும். அவன் மனைவி பெயரின் முதல் எழுத்து.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குக் கிளம்பும் முன் 'ப' எழுதிப் போனைத் திறந்து, அரக்குச் சட்டைப் படத்தை அனுப்பினேன். மரத்தடியில் நிற்கிற படம். கீழே, "நல்லா இருக்கேன்" என்று அடித்தேன்.

தொழுதுவிட்டு வெளியே வந்ததும் கேம்ப் பாஸின் போன்.

"காதர் பாய், செல்வராசு கலாஸ்."

சைட்டில் வேலை முடிந்தால் சொல்கிற வார்த்தை அது. ஒரு மனிதனுக்கு அதைச் சொல்கிறானே என்று செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டில் நின்று அவனைத் திட்டினேன். பாவம், அவன் என்ன செய்வான். விடியற்காலையிலேயே உயிர் போயிருந்தது. நான் படத்தை அனுப்பியபோது செல்வராசு இல்லை.

அவன் போனில் ஒரு குரல் செய்தி காத்திருந்தது. கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"மரம் நல்லாருக்கு. அரக்குக் கலரு உங்களுக்கு எடுக்கும்னு கடையிலயே சொன்னேன்ல. அதென்ன, எப்பப் பாத்தாலும் நின்னுக்கிட்டே எடுக்குறீங்க? கால் வீங்கினாப்ல தெரியுது. ஒரு எடத்துல செத்த உக்காருங்களேன்."

என் போனிலிருந்து கூப்பிட்டுச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"இல்லண்ணே. நீங்க வேற யாரையோ நெனச்சிக்கிட்டுச் சொல்றீங்க. காலையிலகூடப் படம் அனுப்பினாரு. மரத்துகிட்ட நிக்கிறாரு. நல்லா இருக்கேன்னு போட்டிருக்காரு."

"அது நான் அனுப்பினதும்மா."



உடலை அனுப்புகிற காகித வேலை முடியச் சில நாட்கள் ஆயின. ஆம்புலன்ஸுக்குப் பின்னால் முஹர்ரக் பாலத்தில் வண்டியை ஓட்டிப் போனேன். கடைசி லீவு முடிந்து வந்தபோது அதே பாலத்தில் அவனை நான்தான் அழைத்து வந்தேன். பெட்டியில் ஐந்து புதுச்சட்டை இருந்தது. அன்றைக்கு அவனும் தூங்கிக்கொண்டுதான் வந்தான்.

அரியலூர்ப் பக்கம்

அடுத்த வருட லீவில் அவன் ஊருக்குப் போனேன். வேண்டாம் என்று என் வீட்டுக்காரி சொல்லிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு ஏதாச்சும் கேட்டுட்டா தாங்குவீங்களா?" என்றாள். தாங்க மாட்டேன் என்று தெரிந்தேதான் பஸ் ஏறினேன்.

மகள் திருச்சியில் காலேஜில் இருந்தாள். பரீட்சையில் இரண்டு பாடம் பாக்கி இருக்கும்போதுதான் செய்தி போய்ச் சேர்ந்தது. அப்பா வந்து இறங்குவதற்குள் அந்தப் பிள்ளை இரண்டையும் எழுதியிருக்கிறது. என்ன எழுதியதோ, எப்படி எழுதியதோ.

பரமேசுவரி டீ கொடுத்தார். எதிரில் தரையில் உட்கார்ந்து போனை எடுத்தார். நாலு படத்தையும் ஒவ்வொன்றாக என்னிடம் காட்டினார்.

"சட்டதான் மாறுதுண்ணே. செருப்பு வாரு நாலுலயும் கழண்டு கெடக்கு. வாராவாரம் வீக்கம் கூடியிருக்கணும், இல்ல கொறஞ்சிருக்கணும். ரெண்டுமில்ல. எல்லாம் ஒரே நாளுதானே?"

"ஆமாம்மா."

"நீங்க ஏண்ணே சொல்லல?"

வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

"மூணு வாரமா சட்ட நல்லாருக்கு, மரம் நல்லாருக்குன்னு நான் பேசிக்கிட்டுக் கெடந்திருக்கேன். தெரிஞ்சிருந்தா வேற பேசியிருப்பேன்ல. அவரால பேச முடியாட்டியும், என் சத்தத்தக் கேட்டிருப்பாருல்ல. ஒரு வார்த்த சொல்லியிருப்பேன்ல."

நண்பனுக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றினேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் கிடையாது. அவன் கேட்டது ஐந்து வாரத்தை மட்டும்தான்; அந்தச் சொல் அந்த அம்மாவிடமிருந்து கடைசிப் பேச்சையே பிடுங்கிக்கொண்டது. கதவோரம் நான் அழுதேன். அவர் அழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் ஒரு சட்டையோடு வந்தார். சாம்பல் நிறச் சட்டை. நான் மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பியது.

"இதுலயும் காலர் ஊசி இல்லண்ணே. போட்டிருக்காரு. இதுல மட்டும் படம் வரலையே?"

"எடுத்தோம்மா. சரியா வரல. அவன் நம்ம பக்கம் பாக்கவே இல்ல."

"காட்டுங்க."

இத்தனை நாளாக நான் அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. தேடி எடுத்துக் கொடுத்தேன். பின்னால் கடலும் பாலமும். செல்வராசு கரையோரக் கல் ஒன்றில் இருக்கிறான். ஒரு கை பாலத்துத் தூணைக் காட்டுகிறது. வாய் நிறையச் சிரிப்பு. யாருக்கோ கம்பி கட்டிய கதையைச் சொல்கிற முகம்.

பரமேசுவரி முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் படத்தை விரித்துக் கீழே இறக்கினார். செருப்பு இரண்டும் கழற்றித் தனியாகக் கிடந்தன. வெறுங்கால்களை எதிர்க்கல்லில் நீட்டி வைத்திருந்தான்.

"உக்காந்திருக்காரு" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.